சிமுலேஷனில் எண்ணி இத்தனை பல்ஸ் மட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்கள் அல்ட்ராசோனிக் தூர அளவி, ரிமோட், பவர் சர்க்யூட் என்று எதை எடுத்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பல்ஸ் வர வேண்டும், ஆனால் ஓயாமல் வரக் கூடாது. எட்டோ இருபதோ வந்து நின்றுவிட வேண்டும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு மென்பொருள் என்று சொல்லாத இடமெல்லாம் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளையே குறிக்கும். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்பாக எழுதியிருக்கிறோம். மென்பொருளில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சார், சோர்ஸ்ல எட்டே எட்டு பல்ஸ் வரணும். அதை எங்க சொல்றது?

வோல்டேஜ் சோர்ஸ் மேல் வலது கிளிக் செய்து அட்வான்ஸ்டு போய் பல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்டுக் கட்டங்கள் வரும். ஆரம்ப வோல்டேஜ், ஆன் வோல்டேஜ், தாமதம், ஏறும் நேரம், இறங்கும் நேரம், ஆன் நேரம், பீரியட், கடைசியாக என்சைக்கிள்ஸ். முதல் ஏழு கட்டங்கள் பல்ஸின் வடிவத்தைச் சொல்பவை. எத்தனை என்பதைச் சொல்வது எட்டாவது கட்டம்தான்.

எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் தூர சென்சார் அனுப்பும் பர்ஸ்ட்டை, அதாவது பல்ஸ் கூட்டத்தை, எடுத்துக்கொள்வோம். அது 40 கிலோஹெர்ட்ஸில் 8 பல்ஸ். கட்டங்களில் வரிசையாக 0, 5, 1 மில்லி செகண்ட், 100 நானோ, 100 நானோ, 12.4 மைக்ரோ, 25 மைக்ரோ, 8 என்று போடுங்கள். ஆன் நேரம் 12.5 இல்லாமல் 12.4 ஆனது ஏன் என்று கேட்பீர்கள். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் ஆன் நேரத்துக்கு வெளியே கணக்காகின்றன. பாதி உயரத்தில் அளந்தால் பல்ஸ் அகலம் ஆன் நேரத்தோடு அந்த இரண்டின் சராசரியும் சேர்ந்தது. 12.4 உடன் 0.1 சேர்ந்தால் 12.5 மைக்ரோ செகண்ட், சரிபாதி டியூட்டி, அதாவது பீரியடில் பாதி நேரம் ஆன்.

எட்டாவது பல்ஸ் முழுதாக இறங்கி முடிவது தொடக்கத்திலிருந்து 187.6 மைக்ரோ செகண்டில், 200 இல் இல்லை. எட்டாவது பீரியடின் மிச்சம் வெறும் தாழ்நிலை. இந்த 187.6 பின்னால் கைகொடுக்கும், நினைவில் வையுங்கள்.

என்சைக்கிள்ஸ்ல 0 போட்டேன், பல்ஸ் நிக்கவே மாட்டேங்குது.

0 போட்டாலும் காலியாக விட்டாலும் ஒன்றுதான், ஓயாமல் ஓடும். பல்ஸே வேண்டாம் என்றால் ஆன் வோல்டேஜையும் ஆரம்ப வோல்டேஜையும் ஒன்றாக்குங்கள்.

ரைஸ், ஃபால் ரெண்டுக்கும் 0 குடுத்தா ஷார்ப்பா வரும்தானே?

வராது. எல்டிஸ்பைஸ் 0 ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தானாக ஒரு அளவை வைத்துக்கொள்ளும். செங்குத்தாக எதிர்பார்த்த பல்ஸ் சரிவகமாக வந்து நிற்கும். பெர்க்லி ஸ்பைஸ் என்ற பழைய சிமுலேட்டர் வழி வந்தவற்றில் 0 என்றால், ஓட்டத்தின் நேரத்தைச் சொல்லும் டிரான் வரியில் கொடுத்த ஸ்டெப் அளவு. அங்கே ஸ்டெப் 1 மைக்ரோ செகண்ட் என்றால் விளிம்பும் 1 மைக்ரோ செகண்ட்.

எப்போதும் நீங்களே ஒரு எண்ணைக் கொடுங்கள். பல்ஸ் அகலத்தில் நூறில் ஒரு பங்கு பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். 12.5 மைக்ரோ செகண்ட் பல்ஸுக்கு 1 நானோ விளிம்பு வைத்தால், நிஜ டிரைவர் ஐசியிடம் இல்லாத வேகத்தில் கெப்பாசிட்டர்களில் கரண்ட் பாயும். டைம் ஸ்டெப் டூ ஸ்மால் என்ற பிழைக்கும் அது ஒரு காரணம்.

1 மெகாஹெர்ட்ஸ் வேணும்னு 1 பக்கத்துல பெரிய எம் போட்டேன், ஒரு பல்ஸ் கூட காணோம்.

ஸ்பைஸுக்கு எம் பெரிதானாலும் சிறிதானாலும் மில்லிதான். மெகாவுக்கு மெக் என்று மூன்று எழுத்தும் போட வேண்டும். 1 மில்லிஹெர்ட்ஸ் என்றால் பீரியட் 1000 செகண்ட், உங்கள் 10 மில்லி செகண்ட் ஓட்டத்தில் ஒன்றுமே நடக்காது. கெப்பாசிட்டருக்கு 1 போட்டு எஃப் சேர்த்தால் 1 ஃபாரட் இல்லை, 1 ஃபெம்டோஃபாரட். அதுவும் இதே வகைக் கோளாறு.

எங்க காலேஜ்ல ஈசிம்தான் வச்சிருக்காங்க. அதுல இந்த எட்டாவது எண் வேலை செய்யுமா?

ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் தரும் ஈசிம் மென்பொருளுக்குள் ஓடுவது என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர். அதன் புதிய பதிப்புகளில் எட்டாவது எண் பல்ஸ்களின் எண்ணிக்கை. பழைய பதிப்புகளில் அதே இடம் ஃபேஸ் கோணத்துக்கு. ஒரே வரி இரண்டு மெஷினில் இரண்டு விதமாக ஓடுகிறது என்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள். பழையதுதான் என்றால் ஆறாம் கேள்வியில் வரும் கேட் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது எதிலும் ஓடும்.

எட்டு பல்ஸ் வந்து நிக்குது, சரி. ஆனா 60 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை அதே எட்டு திரும்ப வரணுமே?

என்சைக்கிள்ஸ் ஒரு முறைக்குத்தான், எண்ணி முடித்தால் அந்தச் சோர்ஸ் ஓட்டம் முடியும் வரை அமைதியாகிவிடும். திரும்ப வர வேண்டுமென்றால் இரண்டு சோர்ஸ் வையுங்கள். ஒன்று ஓயாமல் ஓடும் கிளாக், முதல் பதிலில் உள்ள எண்கள்தான், எட்டாவது கட்டம் மட்டும் காலி. இன்னொன்று 60 மில்லி செகண்ட் பீரியட் உள்ள கேட். கேட் உயர்ந்திருக்கும்போது மட்டும் கிளாக் வெளியே போகும். இரண்டையும் சேர்க்க ஒரு பி சோர்ஸ் (வோல்டேஜைச் சூத்திரமாக எழுதும் சோர்ஸ்) போட்டு வி = வி(கிளாக்) * வி(கேட்) என்று எழுதினால் போதும்.

கேட் எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளாக் ஏறும் அதே நொடியில் திறக்காதீர்கள், 5 மைக்ரோ செகண்ட் முன்னால் திறங்கள். தாமதம் 1 மில்லிக்குப் பதில் 995 மைக்ரோ. மூடுவது எட்டாவது பல்ஸ் இறங்கிய 187.6 க்கும் ஒன்பதாவது ஏறும் 200 க்கும் நடுவில், சுமார் 193 இல். ஆக மொத்தம் 198 மைக்ரோ செகண்ட் திறந்திருக்கும். விளிம்புகள் 1 மைக்ரோ, ஆன் நேரம் 196 என்று போடுங்கள். திறப்பதும் மூடுவதும் கிளாக் தாழ்ந்திருக்கும் வேளையில் நடப்பதால் கேட்டின் விளிம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வெளியே தெரியாது.

நேரம், வோல்டேஜ் என்று புள்ளி புள்ளியாகக் கொடுக்கும் பீஸ்வைஸ் லீனியர் சோர்ஸில் ரிப்பீட் போட்டும் இதைச் செய்யலாம். அதில் ஒரு சுற்றின் கடைசி வோல்டேஜும் அடுத்த சுற்றின் முதல் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சேரும் இடத்தில் ஒரு முள் எழும். அகலம் மாறி மாறி வரும் ரிமோட் கோடு மாதிரி வேலைக்கு அது நல்லது. ஒரே மாதிரி பல்ஸுக்கு கேட் முறையே சுலபம்.

நீங்க சொன்ன மாதிரி பெருக்கினேன். 5 வோல்ட்டுக்கு பதிலா 25 வோல்ட் வருது!

கேட்டின் உயரத்தையும் 5 என்று போட்டிருப்பீர்கள். ஐந்தைந்து இருபத்தைந்து. கேட் 0 இலிருந்து 1 வரை போனால் போதும்.

ஆண்ட் கேட் வைப்பவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். எல்டிஸ்பைஸோடு வரும் டிஜிட்டல் கேட்டின் வெளியீடு இயல்பாக 1 வோல்ட்தான், உள்ளீட்டை 0.5 வோல்ட்டில் பிரித்துப் பார்க்கும். விஹை=5 என்று மதிப்பு வரியில் எழுதினால் இரண்டும் சேர்ந்து மாறும். ஏறும் நேரத்தையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள், இயல்பில் அது 0.

முதல் பர்ஸ்ட் சுத்தமா இருக்கு. அடுத்ததுல கடைசி பல்ஸ் பாதியில வெட்டுப்படுது. ஏன்?

உங்கள் கிளாக் 38 கிலோஹெர்ட்ஸா? அநேகமாக அதுதான். 60 மில்லி செகண்டை 25 மைக்ரோவால் வகுத்தால் சரியாக 2400, மிச்சமில்லை. அதனால் 40 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு முறையும் கேட் கிளாக்கின் அதே இடத்தில் திறக்கும். பீரியட் 26.3 மைக்ரோ என்றால் 2281 முழுச் சுற்றும் அதற்கு மேல் 9.7 மைக்ரோ செகண்டும் வரும். ஒவ்வொரு பர்ஸ்ட்டிலும் கேட் இவ்வளவு நகர்ந்து, ஏதோ ஒரு முறை பல்ஸின் நடுவில் திறக்கும் அல்லது மூடும்.

கேட் பீரியடை கிளாக் பீரியடின் முழு மடங்காக்குவது ஒரு வழி. 2281 பெருக்கல் 26.3, அதாவது 59.9903 மில்லி செகண்ட். நிஜ சர்க்யூட்டில் இரண்டு ஆசிலேட்டர்கள் இப்படிப் பொருந்தி ஓடாது. அதனால் நாங்கள் சொல்வது டி ஃபிளிப்-ஃபிளாப். கேட்டை டி காலில் கொடுத்து, கிளாக்கைத் தலைகீழாக்கி கிளாக் காலில் கொடுங்கள். கேட் எப்போது மாறினாலும், கிளாக் இறங்கும் விளிம்பு வரும்வரை ஃபிளிப்-ஃபிளாப் அதை உள்ளே விடாது. அதன் கியூ வெளியீட்டை ஆண்ட் கேட்டில் சேர்த்தால் வருவதெல்லாம் முழுப் பல்ஸ். ஆனால் எண்ணிக்கை ஒன்று கூடவோ குறையவோ செய்யும். எண்ணிக்கையும் மாறக் கூடாது என்றால் கவுண்டர் வேண்டும், அது கீழே வருகிறது.

ரெண்டே ரெண்டு பல்ஸ், ஆனா முதல்து பெருசு, ரெண்டாவது சின்னது. இதுக்கு என்சைக்கிள்ஸ் ஆகுமா?

ஆகாது. மாஸ்ஃபெட், ஐஜிபிடி சோதிக்கும் டபுள் பல்ஸ் டெஸ்ட்டுக்காகக் கேட்கிறீர்கள். இரண்டு பல்ஸ் சோர்ஸ்களைத் தொடராக இணைத்து இரண்டிலும் என்சைக்கிள்ஸ் 1 வையுங்கள். வோல்டேஜ்கள் கூடுவதால் ஒரே கம்பியில் இரண்டு பல்ஸும் வரும். அகலத்தைத் தனித்தனியாக மாற்றலாம்.

முதல் பல்ஸின் அகலம் இண்டக்டர் கரண்டைத் தீர்மானிக்கிறது. 400 வோல்ட், 200 மைக்ரோஹென்றி, 20 ஆம்பியர் வேண்டும் என்றால் 200 மைக்ரோவை 20 ஆல் பெருக்கி 400 ஆல் வகுங்கள். 10 மைக்ரோ செகண்ட். தொடர் இணைப்பில் இரண்டு பல்ஸும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மாஸ்ஃபெட்டின் கேட் காலில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், தாமதங்களை ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

எப்ப டிரிக்கர் வருதோ அப்பதான் எட்டு பல்ஸ் போகணும். நேரம் முன்னாடியே தெரியாது.

இங்கே பல்ஸ் சோர்ஸ் உதவாது, அதற்கு எல்லாம் கடிகார நேரம்தான். ஃபேஸை ஒரு வோல்டேஜாக வளர்க்கும் முறை நன்றாக வேலை செய்கிறது. ஒரு பி சோர்ஸில் வி = ஐடிடி(40கே, 0, வி(கியூ)<0.5) என்று எழுதுங்கள். ஐடிடி என்பது நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் இன்டக்ரல், கியூ என்பது டிரிக்கர் சிக்னல். கியூ உயர்ந்ததும் இது 25 மைக்ரோ செகண்டுக்கு 1 வோல்ட் வீதம் ஏறும், கியூ தாழ்ந்தால் 0 க்குத் திரும்பும். முழு எண் பகுதி எத்தனை பல்ஸ் முடிந்தது என்பதையும், பின்னப் பகுதி இந்தப் பல்ஸில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் சொல்கிறது. இரண்டாவது பி சோர்ஸ் மூன்று நிபந்தனையும் சேர்ந்தால் 5, இல்லாவிட்டால் 0 கொடுக்க வேண்டும்: கியூ 0.5 க்கு மேல், ஃபேஸ் 8 க்குக் கீழ், ஃபேஸிலிருந்து ஃப்ளோர்(ஃபேஸ்) கழித்தது 0.5 க்குக் கீழ்.

முதல் நிபந்தனையை விட்டுவிடுபவர்கள் அதிகம். சும்மா இருக்கும்போது ஃபேஸ் 0, பின்னமும் 0. அது 0.5 க்குக் கீழே என்பதால் வெளியீடு டிரிக்கர் வருவதற்கு முன்பே உயர்ந்து நிற்கும்.

டிரிக்கர் வெறும் 10 மைக்ரோ செகண்ட் என்றால் கியூவை ஒரு எஸ்ஆர் ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து எடுங்கள். டிரிக்கர் அதை செட் செய்யும். ஃபேஸ் 8.2 ஐத் தாண்டியதும் இன்னொரு பி சோர்ஸ் அதை ரீசெட் செய்யும். ஐடிடி இல்லாத சிமுலேட்டரில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குள் 40 மில்லிஆம்பியர் செலுத்தினால் அதே வேகத்தில் ஏறும், ரீசெட்டுக்கு ஒரு ஸ்விட்ச் குறுக்கே வையுங்கள்.

555 வச்சு 4-ம் காலால ஆன்-ஆஃப் பண்றேன். ஒவ்வொரு பர்ஸ்ட்லயும் முதல் பல்ஸ் மட்டும் அகலமா வருது. மாடல் தப்பா?

மாடல் சரி. 555 டைமர் ஐசியைப் பலகையில் கட்டினாலும் அப்படித்தான் வரும். 4-ம் கால் அதன் ரீசெட். ஓடிக்கொண்டிருக்கும்போது கெப்பாசிட்டர் சப்ளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் ஏறி இறங்கும். ரீசெட்டில் இருக்கும்போது 7-ம் கால் அதை 0 வரை இறக்கிவிடும். 0 இலிருந்து ஏற 1.1 ஆர்சி, மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏற 0.693 ஆர்சி. முதல் பல்ஸ் மற்றவற்றைப் போல ஏறக்குறைய 1.58 மடங்கு அகலம்.

டாட் ஐசி (தொடக்க வோல்டேஜைச் சொல்லும் கட்டளை) போட்டு கெப்பாசிட்டரை மூன்றில் ஒரு பங்கில் தொடங்கினால் சரியாகிவிட்டது போலத் தெரியும். அது ஓட்டத்தின் தொடக்கத்துக்கு மட்டும், இரண்டாவது பர்ஸ்ட்டில் அகலப் பல்ஸ் திரும்ப வந்துவிடும். 555 ஐ நிறுத்தாமல் ஓடவிட்டு வெளியீட்டை மட்டும் கேட் செய்வதுதான் தீர்வு, முன்பு சொன்ன டி ஃபிளிப்-ஃபிளாப்போடு.

4017 வச்சு எண்ணி எட்டுல நிறுத்துறேன். ஏழு முழு பல்ஸும் ஒரு குச்சி மாதிரி ஒண்ணும் வருது.

4017 என்ற கவுண்டர் ஐசி எண்ணுவது ஏறும் விளிம்பில். எட்டாவது பல்ஸ் ஏறிய உடனே 9-ம் காலில் உள்ள க்யூ8 உயர்ந்து கேட்டை மூடிவிடுகிறது. எட்டாவது பல்ஸுக்குக் கிடைத்தது ஐசியின் தாமத நேரம் மட்டும், அந்தக் குச்சி அதுதான். சிலர் க்யூ9 க்கு மாற்றுவார்கள். எட்டு முழுப் பல்ஸ் வரும், குச்சி ஒன்பதாவதாகப் போய் உட்காரும்.

4017 இன் 14-ம் காலுக்கு மட்டும் தலைகீழ் கிளாக் கொடுங்கள், வெளியே போவது நேர் கிளாக். இப்போது எட்டாவது பல்ஸ் இறங்கும்போதுதான் க்யூ8 உயரும். அதை 13-ம் காலுக்கும் கொடுத்தால் எண்ணுவது அங்கேயே நிற்கும். 15-ம் கால் ரீசெட்டை கிளாக் தாழ்ந்திருக்கும்போது விடுவியுங்கள், இல்லையென்றால் வெட்டு முதல் பல்ஸுக்குத் தாவும். 4017 இன் மாடல் எல்டிஸ்பைஸோடு வருவதில்லை, 4000 வரிசை லைப்ரரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

எழுபத்தஞ்சு பல்ஸ கண்ணால எண்ண முடியல. சரியா வந்துச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

கண்ணால் எண்ணவே வேண்டாம், எட்டாக இருந்தாலும். இரண்டு மெஷர் வரிகள் போடுங்கள். .மெஸ் டிரான் டி8 வென் வி(அவுட்)=2.5 ரைஸ்=8 என்று ஒன்று. அதே வரி டி9, ரைஸ்=9 என்று இன்னொன்று. லாகில் முதல் வரிக்கு நேரம் வர வேண்டும், இரண்டாவது தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால் எட்டு பல்ஸ், கூடவுமில்லை குறையவுமில்லை.

முதல் பதிலில் உள்ள எண்களுக்கு டி8 சரியாக 1.17505 மில்லி செகண்ட். 1 மில்லி தாமதம், ஏழு பீரியட் 175 மைக்ரோ, ஏறும் நேரத்தில் பாதி 50 நானோ. எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்க்க என்சைக்கிள்ஸ் கட்டத்தில் நெளிவு அடைப்புக்குள் என் என்று எழுதி, .ஸ்டெப் பேரம் என் லிஸ்ட் 1 2 4 8 16 என்று ஓட்டுங்கள்.

சராசரி பவர் எடுப்பவர்கள் ஜன்னலை, அதாவது எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதை, கவனியுங்கள். 100 ஓமில் 5 வோல்ட் பாதி டியூட்டி என்றால் பர்ஸ்ட்டுக்குள் 125 மில்லிவாட், 60 மில்லி செகண்ட் முழுதும் எடுத்தால் 0.42 மில்லிவாட். ஃப்ரம், டூ இரண்டையும் எழுதாமல் வரும் எண்ணுக்குப் பொருளில்லை.

பி சோர்ஸ்ல எழுதினா சில பல்ஸ் காணாம போகுது, சிலது கோணலா வருது.

பல்ஸ் சோர்ஸ் தன் ஒவ்வொரு முனையையும் சிமுலேட்டருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடும், அதனால் ஸ்டெப் அதைத் தாண்டிப் போகாது. பி சோர்ஸில் நீங்கள் எழுதும் இஃப் நிபந்தனை அப்படிச் சொல்வதில்லை. அமைதியான இடைவெளியில் ஸ்டெப் நீண்டு, பல்ஸின் மேலேயே தாவிவிடும். டிரான் கட்டளையில் அதிகபட்ச ஸ்டெப்பைப் பீரியடில் நூறில் ஒரு பங்கு, நம் உதாரணத்துக்கு 0.25 மைக்ரோ செகண்ட், வையுங்கள்.

கணக்கு சரியாக இருந்து படம் மட்டும் கோணலாகத் தெரிவதும் உண்டு. தரவைச் சுருக்கிச் சேமிப்பதால் அது. .ஆப்ஷன்ஸ் பிளாட்வின்சைஸ்=0 போட்டால் சுருக்காது, ஃபைல் பெருக்கும்.

பல்ஸ் நின்னாச்சு, ஆனா டிரான்ஸ்டியூசர் ஆடிக்கிட்டே இருக்கு. சோர்ஸ் நிக்கலையா?

சோர்ஸ் நின்றுவிட்டது. ஆடுவது டிரான்ஸ்டியூசரின் ரெசனன்ஸ், கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி. நிஜத்திலும் உண்டு, அதனால்தான் அனுப்பியவுடன் சிறிது நேரம் ரிசீவரை மூடி வைக்கிறார்கள்.

பல்ஸ் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறோம் என்பதும் இங்கேதான். தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் விசைப்படகுக்காரர்கள் வைத்திருக்கும் எக்கோ சவுண்டரை நினையுங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் 20 சுற்று அனுப்பினால் 100 மைக்ரோ செகண்ட். கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போவதால் அந்த ஒலித்துண்டு 15 சென்டிமீட்டர் நீளம், அதில் பாதியான 7.5 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகத் தெரியும். பல்ஸைக் கூட்டினால் எதிரொலி பலமாகும், பிரித்துப் பார்க்கும் திறன் குறையும். கெடிலத்திலோ தென்பெண்ணையிலோ நீர்மட்டம் அளக்கும் பிராஜக்ட்டுக்கும் இதே கணக்குதான், 30 டிகிரி வெயிலில் காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஇசி 61000-4-4 பர்ஸ்ட்ட அப்படியே சிமுலேட் பண்ணினா ராத்திரி முழுக்க ஓடுது. குறைக்க வழி இருக்கா?

மின் இரைச்சலைக் கருவி தாங்குகிறதா என்று சோதிக்கும் அந்தத் தரத்தில் பல்ஸ் 5 நானோ செகண்டில் ஏறி, பாதி உயரத்தில் 50 நானோ அகலம். 5 கிலோஹெர்ட்ஸில் 15 மில்லி செகண்ட் பர்ஸ்ட், அதாவது 75 பல்ஸ், 300 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. ஏறும் விளிம்பைப் பிடிக்க 1 நானோ ஸ்டெப் வேண்டும். ஒரு பர்ஸ்ட்டுக்கே ஒன்றரைக் கோடி புள்ளி.

100 கிலோஹெர்ட்ஸ் வகையில் பல்ஸ்களுக்கு இடையே 10 மைக்ரோ செகண்ட்தான். அதில் என்சைக்கிள்ஸை 3 ஆக்கி 30 மைக்ரோ செகண்ட் மட்டும் ஓட்டுங்கள், முப்பதாயிரம் புள்ளியில் முடியும். மூன்றாவது பல்ஸ் வரும்போது உங்கள் ஃபில்டர் கெப்பாசிட்டர் முதல் பல்ஸுக்கு முன் இருந்த வோல்டேஜுக்குத் திரும்பியிருந்தால், மிச்சப் பல்ஸ்களும் அதே கதைதான். ஓட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பல்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் மட்டும் எண்ணிக்கையை 10, 20 என்று கூட்டி, எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள்.